முழுக்கைச் சட்டை

இயேசு மரி சூசை துணை

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
10-6-1962

அன்புள்ள தங்கை செபாஸ்தியம்மாளுக்கு, அண்ணன் சூசை ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் பிள்ளைகள் இருவரும் சுகம். வால்பாறையில் மழை பிடித்துவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி வேலையில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்காதே. மூட்டுவலி எப்படி இருக்கிறது?

எழுத வேண்டியது நிறைய. எதுவும் விட்டுப்போகாமலிருக்க முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக ரிப்போர்ட் எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

1. ஊரில் பரவும் ஒரு கெட்ட பழக்கம்.
2. எப்படிப்பட்ட பிள்ளைகள் அதில் விழுகிறார்கள் என்று நான் கவனித்தது.
3. உன் இளைய மகன் சின்னப்பன் அந்த வகை என்பது.
4. மூத்தவன் ராயப்பனுக்கு அவனுடைய பயந்த சுபாவமே காவல் என்பது.
5. நீ செய்ய வேண்டியது.

ஒன்று. மதுவிலக்கு இருக்கிறதே தவிர இளவட்டங்களுக்கு விலக்கு ஒன்றுமில்லை. கஞ்சா, இஞ்சி டிங்சர், தூக்க மாத்திரை, இப்போது பெத்தடின் என்று ஆஸ்பத்திரியில் வலிக்குப் போடும் ஊசி மருந்துகூட வெளியே வருகிறது. போன மாதம் பக்கத்துத் தெருவில் இருபது வயசுப் பையன் ஒருவன் போய்விட்டான். வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி அடக்கம் செய்தார்கள்.

இரண்டு. பதினொரு பையன்களைப் பற்றி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யோசிக்காமல் எதையும் செய்கிறவன் விழுகிறான். புதுசு எதைக் கண்டாலும் ருசி பார்க்கத் துடிக்கிறவன் விழுகிறான். இனி நமக்கு ஒன்றுமில்லை என்று மனசு விட்டவனும் விழுகிறான். பயந்தவன் விழுவதில்லை. என்னையே எடுத்துக்கொள். ஒரு நாள் வெற்றிலைகூடப் போட்டதில்லை. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் நோட்டு அப்படித்தான் காட்டுகிறது.

மூன்று. சின்னப்பனுக்குப் பத்தொன்பது ஆகிறது. பஸ் ஷெட்டில் வேலை என்று பெயர். யாரோ பந்தயம் கட்டினார்கள் என்று மலைக்கோட்டைப் பாறையில் படியில்லாத பக்கமாக ஏறியிருக்கிறான். கண்டித்தால், "மாமா, தினம் என்னையக் கெணறு மாதிரி வாளி போட்டு மோந்து பாக்குறீக. தண்ணி நல்லாத்தேன் இருக்கு" என்கிறான்.

நான்கு. ராயப்பனைப் பற்றிக் கவலை வேண்டாம். இருபத்துமூன்று வயசில் இவ்வளவு அடக்கம் நான் பார்த்ததில்லை. கம்பவுண்டர் வேலை முடிந்தால் நேராக வீடு. சித்திரை வெயிலில்கூட முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். "பேஷண்டுக முன்னாடி மரியாதையா நிக்கணும்ல மாமா" என்கிறான். முன்பு டாக்டர் அதட்டினால் வீட்டுக்கு வந்து வாந்தி எடுப்பான் அல்லவா, அந்த நடுக்கம் இப்போது இல்லை. சாப்பாடுதான் கொஞ்சம் குறைவு. சாப்பிட்டதும் நாற்காலியில் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறான். வேலை அவனைத் தேற்றிவிட்டது.

ஐந்து. சின்னப்பனுக்கு நீ கண்டிப்பாக ஒரு கடிதம் எழுது.

மாதாவின் காவல் உனக்கு இருக்கட்டும்.

அண்ணன் சூசை


வால்பாறை
24-6-1962

அன்புள்ள அண்ணனுக்கு செபாஸ்தி தோத்திரம் சொல்லி எழுதுவது. மூட்டுவலி மழை விட்டால்தான் விடும். உங்கள் இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடிக்கிறீர்களா?

சின்னப்பனுக்கு எழுதுகிறேன். அவன் சின்னதிலிருந்தே அப்படித்தான்.

ராயப்பன் வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறானா? அவன் குளிக்கும்போது நீங்கள் பார்த்ததுண்டா? வெளிக்குப் போவது ஒழுங்காக இருக்கிறதா? உட்கார்ந்தபடியே மூக்கைத் தேய்த்துக்கொள்கிறானா? சும்மாதான் கேட்கிறேன். பதில் எழுதுங்கள்.

செபாஸ்தி


திண்டுக்கல்
5-7-1962

அன்புள்ள தங்கைக்கு, சுகம், உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். சுக்குத் தண்ணீர் குடிக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது விஷயத்தைப் பற்றி நான் எழுதினால் நீ நான்காவதைப் பற்றிக் கேட்கிறாய். கேட்டதற்குப் பதில்: வீட்டிலும் முழுக்கைதான். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிறான், வயசுப் பிள்ளை சாத்தத்தான் செய்வான். மலச்சிக்கல் உண்டு, விளக்கெண்ணெய் கொடுக்கிறேன். மூக்கைத் தேய்க்கிறான், மருந்துப் பொடி வாசனையாக இருக்கும். இதெல்லாம் எதற்கு?

நேற்று நடந்ததைக் கேள். சாப்பிட உட்கார்ந்தோம். சின்னப்பன் உதடு கிழிந்து வந்திருந்தான், ஷெட்டில் சண்டையாம். வாய் மட்டும் குறையவில்லை.

"என்னாண்ணே, கலெக்டர் ஆபீஸுக்கா கெளம்புற? வீட்டுக்குள்ளயும் பொத்தானப் பூட்டிக்கிட்டு?"

"பேசாமத் தின்னுடா" என்றான் ராயப்பன்.

"வேர்த்துக் கொட்டுதுல்ல. கையச் சுருட்டிவிடுண்ணே. மாமாவும் செத்தப் பாக்கட்டும்."

ராயப்பன் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனான். அண்ணனைச் சாப்பிடவிடாமல் கேலி பேசுகிறாயே என்று நான் சின்னப்பனைத் திட்டினேன். கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தான். பிறகு, "நல்லா வெளங்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வைத்துவிட்டுப் போன வெஞ்சனத்தையும் எடுத்துச் சாப்பிட்டான். இப்படிப்பட்டவனை நான் எப்படித் திருத்துவது?

அண்ணன் சூசை


வால்பாறை
20-8-1962

அன்புள்ள அண்ணனுக்கு, தோத்திரம். பதில் தாமதம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ராயப்பனை அந்த ஆஸ்பத்திரி வேலையை விடச் சொல்லுங்கள். மூட்டை தூக்கினாலும் சரி, கடையில் பொட்டலம் கட்டினாலும் சரி, மருந்து அலமாரி இல்லாத இடமாக இருக்கட்டும். காரணம் கேட்காதீர்கள். அவன் அவனுடைய அப்பாவை உரித்து வைத்தமாதிரி இருக்கிறான் என்று எல்லாரும் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

செபாஸ்தி


திண்டுக்கல்
2-9-1962

தங்கைக்கு, சுகம் விசாரித்து எழுதுவது.

காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை வேலையை விடு என்று நான் எப்படிச் சொல்வேன்? உன் கணவர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்து, நெஞ்சுவலியில் போகும்வரை கௌரவமாக வாழ்ந்தவர். அவரைப் போல இருந்தால் என்ன குறை? உன் கடிதங்கள் எனக்குப் பிடிபடவில்லை. பதிலுக்காகக் காத்திருந்து, வந்த பதிலில் கேட்டது இல்லாமலும் கேட்காதது இருந்தும் சலித்துப்போனேன்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி. ராயப்பன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பெத்தடின் மருந்து குறைகிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் யாருக்காவது பழக்கம் உண்டா என்று கேட்டார். அண்ணனுக்கு மதியச் சாப்பாட்டு கேரியர் கொண்டு போகிறவன் சின்னப்பன். வீட்டுக்கு வந்து அவன் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு தகர டப்பா. உள்ளே துணியில் சுற்றிய சிரிஞ்சும் ஊசிகளும்.

"என்னாடா இது?"

"பாத்தாத் தெரியலையா? ஊசி."

"யாருதுன்னு கேக்குறேன்."

"எம்பொட்டியில இருந்தா என்னுதுதான். எழுதிக்கங்க."

எழுதினேன். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவன் பெயரைப் போட்டுப் புகார் எழுதினேன். டாக்டருக்கு ஒன்று, பங்குச்சாமியாருக்கு ஒரு நகல், எனக்கு ஒரு நகல். ராயப்பன் பக்கத்தில் நின்று, "வேணாம் மாமா, வேணாம் மாமா" என்று அழுதான். தம்பிமேல் அவ்வளவு பாசம். சின்னப்பன் அழவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டான்: "மாமா, காலரா வந்தப்ப கலங்குன கெணத்த மட்டுந்தேன் மூடுனீகளா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். தூக்கம் வரவில்லை.

அண்ணன் சூசை


வால்பாறை
8-9-1962

அண்ணனுக்கு,

சின்னப்பன் எங்கே?

அவனுக்கு ஊசி என்றாலே ஆகாது. அம்மை குத்த நீங்களே வந்தீர்களே, மறந்துவிட்டதா? புளியமரத்தில் ஏறிக்கொண்டான். நாலு பேர் இறக்கிப் பிடித்தார்கள், அப்படியும் மயங்கி விழுந்தான். ராயப்பன்தான் முதல் ஆளாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். பயத்தில் உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் நீங்கள் சொன்னதால் நீட்டினான்.

அந்தக் கையை இப்போது பாருங்கள், அண்ணே.

செபாஸ்தி


திண்டுக்கல்
18-9-1962

தங்கைக்கு,

சின்னப்பன் பழனியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை செய்வதாகக் கேள்வி. கண்டக்டர் மைதீன் பிச்சை பார்த்திருக்கிறார்.

நீ எழுதியபடி ராயப்பனைக் கேட்கலாம் என்று இரண்டு தடவை அவன் அறை வரைக்கும் போனேன். முதல் தடவை தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை, "என்ன மாமா?" என்று கேட்டான். நான், "குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். ஆதாரம் இல்லாமல் ஒரு நல்ல பிள்ளையைச் சந்தேகப்படுவது பாவம் இல்லையா? தம்பி போனதிலிருந்து அவன் சாப்பிடுவதே இல்லை. ஏக்கமாக இருக்கலாம்.

நீ எதையோ மறைக்கிறாய். ஜூன் மாதத்திலிருந்து எனக்குக் கேள்விகளாகவே அனுப்புகிறாய். நான் கெட்டிக்காரன் இல்லை. நேராகச் சொன்னால்தான் எனக்குப் புரியும். ஒரு தடவையாவது சொல்லிவிடேன்.

அண்ணன் சூசை


வால்பாறை
1-10-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிடுகிறேன். அவருக்கு நெஞ்சுவலி வரவில்லை.

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். தெருவில் நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகப் போகிறவர். ஒருநாள் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி செத்துப்போனாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. பெரிய டாக்டர் செருப்புச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். பிறகு நடுக்கம் நின்றது. அமைதியாக உட்கார்ந்திருப்பார். முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார். ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், அண்ணே. ஒன்றரை வருஷம் ஏற்றினேன்.

கடைசியில் மார்பியா ஊசி கையிலேயே இருக்கக் கிடந்தார். தானாகச் செய்துகொண்டார் என்று யாராவது சொல்லிவிட்டால் கல்லறையில் இடம் கிடைக்காது. பூசை வைக்கமாட்டார்கள். நெஞ்சுவலி என்று உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். சாமியாரிடமும் அதையே சொன்னேன். பிள்ளைகளுக்கும் அதுதான் தெரியும். பதினொரு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. உங்கள் முதல் கடிதத்தில் நான்காவதாக எழுதியிருந்ததைப் படித்தபோது, அவரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

இது கைக்கு வந்ததும் யோசிக்காதீர்கள். அவனிடம் போங்கள்.

செபாஸ்தி


திண்டுக்கல்
5-10-1962

தங்கைக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பிள்ளை உயிரோடு இருக்கிறான். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு உன் கடிதம் வந்தது. படித்தேன். வீட்டைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், வழியில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. ராயப்பன் மருந்து அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். கதவு உள்ளே தாழ்ப்பாள். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வார்டில் வேலை செய்யும் மலைச்சாமி வந்து, "தள்ளுங்கய்யா, இப்பிடிக் கூப்புட்டா எந்தக் காலத்துல தொறக்குறது" என்று தோளால் இடித்தான். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

தரையில் கிடந்தான். உதடு நீலம். டாக்டர் ஓடிவந்து, "கையக் காட்டுங்க, சீக்கிரம்" என்றார். நான்தான் பொத்தானைக் கழற்றிச் சுருட்டினேன். ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்து அம்மை குத்தியவன் நான். அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. மணிக்கட்டிலிருந்து மேலே ஊசி படாத இடமே இல்லை.

மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. மூச்சு சீராகிவிட்டது. கண் திறந்ததும் என்னைப் பார்த்து, "டாக்டர் கோவமா இருக்காரா மாமா?" என்று கேட்டான். உடனே புறப்பட்டு வா. சின்னப்பனுக்கு மைதீன் பிச்சை மூலம் சீட்டு அனுப்பியிருக்கிறேன்.

சூசை


பழனி
9-10-1962

மாமாவுக்கு சின்னப்பன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன். நீங்க எப்பிடி இருக்கீகன்னு கேக்க இன்னும் மனசு வரல, அதனால கேக்கல.

சீட்டு வந்துச்சு. அண்ணன் ஊசி போடுறது எனக்குப் பொங்கலுக்கே தெரியும். கால்ல விழுந்துட்டான். எனக்கு மூத்தவன், எங்கால்ல. "அம்மாகிட்டச் சொல்லாத, மாமாகிட்டச் சொல்லாத, வேல போயிரும், விட்டுர்றேன்"னான். விட்டாப்புல தெரியல. டப்பாவப் புடுங்கி எம்பொட்டியில வச்சேன். அதத் தொட்டதுக்கே எனக்குக் கிறுகிறுன்னு வந்து சுவத்தப் புடிச்சிக்கிட்டேன். அதத்தான் நீங்க எடுத்தீக.

நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா? நோட்டுல என் பேருதான இருந்துச்சு.

ஒரு தடவ அவங்கிட்டக் கேட்டேன், என்னாத்துக்குண்ணே இந்தக் கருமம்னு. "போட்டா அம்புட்டுப் பயமும் போயிருதுடா, ஒன்ன மாதிரி ஆயிர்றேன்"னான். நான் என்னாத்தச் சொல்ல?

நாளைக்கு மதுரைக்கு வாரேன். அண்ணனப் பாக்க. ஒங்களப் பாக்க இல்ல.

சின்னப்பன்


திண்டுக்கல்
20-1-1963

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மூட்டுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய். என் இருமல் அப்படியேதான் இருக்கிறது.

ராயப்பனைச் சின்னப்பன் நேற்றுப் பழனிக்குக் கூட்டிப்போனான். உன்னோடு எஸ்டேட்டுக்கு வேண்டாம் என்று நீ சொன்னது சரி. லாட்ஜில் பேரேடு எழுதுகிற வேலையாம், மருந்து அலமாரி கிடையாது. பஸ்ஸில் ஏறும்போது ராயப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றான். "விழுந்துர்றேன்டா" என்றான். "விழு, புடிக்கத்தேன நிக்கேன். பாறையில ஏறுனவனுக்கு நீயெல்லாம் ஒரு கனமா?" என்றான் தம்பி. ராயப்பன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தான். தம்பியுடையது, தொளதொளவென்று இருந்தது. எதிரில் இருந்தவர்கள் கையைப் பார்த்தார்கள். அவன் மறைக்கப் பார்த்தான். சின்னப்பன் அந்தக் கையையே எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

டாக்டர் போலீசுக்குச் சொல்லவில்லை. வேலை போனதோடு சரி. மூன்று மாதத்தில் இரண்டு தடவை மருந்து தேடி ஓடியிருக்கிறான், உனக்குத் தெரியும். மூன்றாவது தடவை ஓடமாட்டான் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

சின்னப்பன்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக மறு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போனேன். "அதெல்லாம் எதுக்கு, முடிஞ்சுபோச்சு" என்றார் டாக்டர். சாமியார், "பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும், போதும்" என்றார். தெருவில் அவனைத் திருடன் என்றவர்களிடம் வீடு வீடாகச் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டுக் காப்பி கொடுத்தார்கள். ஒருவன்மேல் சொல்லும்போது ஓடிவந்து வாங்கிக்கொண்டவர்கள், திரும்ப எடுத்துக்கொள்ளப் போனால் கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை என்கிறார்கள். சின்னப்பன் மட்டும் அந்தக் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்தான். "கையெழுத்து நல்லாருக்கு மாமா" என்றான். இப்போதும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

ஜூன் மாதக் கடிதத்தில் நான்காவதாக எழுதியதைத் திருத்த வேண்டும். ராயப்பன் விஷயத்தில் அது பிசகிப்போனது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. நேரில் இருந்த மூன்று வாரமும் சொல்ல வாய் வரவில்லை.

அந்தக் கடிதத்துக்கு முன்பே, ஏப்ரலில், அவன் சட்டையில் இடது முழங்கை மடிப்பில் ஒரு ரத்தப் பொட்டு பார்த்தேன். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. ஊசித் தழும்பைப் பார்த்தே அது எத்தனை நாள் பழசு என்று சொல்லக்கூடியவன் நான். கேட்டால் என்ன சொல்வானோ என்று பயமாக இருந்தது. சட்டையை நானே ஊறவைத்து, சோப்புப் போட்டு, கறை போகும்வரை கசக்கி, காயப்போட்டேன். பிறகு உட்கார்ந்து சின்னப்பனைப் பற்றி உனக்கு எழுதினேன்.

பயம் காவல் என்று எழுதினேன், தங்கச்சி. அது தவறு.

சூசை